பட்டியலில் யாரைக் காணோம்?
கணினிப் பாடம்: ஜாவா அலகுச் சோதனைகளில் தொகுப்புகளைச் சோதிக்கும் முறை

எமது ஆலயக் குடும்பங்களைச் சேர்ந்த பிள்ளைகளிற் பலர் இன்று பல்கலைக்கழகங்களிற் கணினியியல் பயில்கின்றனர். வேறு பலர் அத்துறையிலேயே தொழில் புரிகின்றனர். ‘நீங்கள் எழுதும் நிரல் சரியாக வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்?’ என்று அவர்களிடம் கேட்டால், ‘சோதனை எழுதி வைத்திருக்கிறோம்’ என்பார்கள். ‘அந்தச் சோதனை தவறும்போது அது உங்களுக்கு என்ன சொல்கிறது?’ என்று அடுத்ததாகக் கேட்டால் சற்றுத் தயங்குவார்கள். இப்பாடம் அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

ஜாவா மொழியில் ஓரளவு பழக்கமுள்ள மாணவர்களை மனதிற் கொண்டே எழுதுகிறோம். ஆயினும் நிரல் எழுதாத பெற்றோரும் பெரியோரும் பிள்ளைகளோடு சேர்ந்திருந்து வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது எமது விருப்பம். நூலகச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தந்துள்ளோம். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் எழுதவேண்டும் என்பது மாணவர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

நிரலின் ஒரு சிறு பகுதிக்கு, விடை முன்கூட்டியே தெரிந்த ஓர் உள்ளீட்டைக் கொடுத்து, வரவேண்டிய விடை வருகிறதா என்று இன்னொரு சிறு நிரலினாற் பார்ப்பதே அலகுச் சோதனை. ஜாவாவில் இதற்குப் பெரிதும் பயன்படுவது ஜேயூனிட். 1997 ஆம் ஆண்டு கென்ட் பெக், எரிக் காமா என்ற இருவரும் சூரிச்சிலிருந்து அட்லாண்டாவில் நடந்த ஒரு மாநாட்டுக்கு விமானத்திற் போகும்போது அருகருகே இருந்து எழுதத் தொடங்கியது அது. சோதனைக்குள் ‘விடை இப்படித்தான் இருக்கவேண்டும்’ என்று சொல்லும் வரியை உறுதிக்கூற்று என்று அழைப்போம்.

விடை ஓர் எண்ணாக இருந்தால் உறுதிக்கூற்று எழுதுவது மிக எளிது. 12 வரவேண்டும், 11 வந்தது; அவ்வளவுதான். விடை ஒரு தொகுப்பாக, அதாவது பலவற்றைக் கொண்ட பட்டியலாக இருந்தாற்றான் சிக்கல். பட்டியல் பல விதங்களிற் பிழைக்கலாம். ஒன்று குறையலாம், ஒன்று கூடலாம், ஒன்று இருமுறை வரலாம், எல்லாம் இருந்தும் வரிசை மாறலாம். ‘பிழை’ என்று மட்டும் சொல்லும் சோதனை இவற்றில் எது நடந்தது என்று சொல்வதில்லை.

அன்னதானப் பட்டியல்

எடுத்துக்காட்டுக்கு எமது வீட்டு விடயம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஆலயத்தில் அன்னதானம் சமைப்போருக்கு இன்றுள்ள பெரிய கவலை ஒவ்வாமை. கச்சானோ முந்திரியோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று தெரியாமற் பாயசத்தில் முந்திரியைப் போட்டுவிட முடியாது. தமிழ்ப் பாடசாலைப் பதிவேட்டிலிருந்து அத்தகைய பிள்ளைகளின் பெயர்களைப் பிரித்தெடுத்து, சமையற்கூடத்துக்கு ஒரு பட்டியலாகக் கொடுக்கும் நிரலொன்றை இளைஞர் ஒருவர் எழுதுகிறார் என வைத்துக்கொள்வோம்.

அவர் தமது சோதனைக்கென ஒரு சிறு பதிவேட்டை உண்டாக்குகிறார். அதில் ஐந்து பிள்ளைகள். கலைவாணி, கவின், கன்னிகா ஆகிய மூவருக்கும் ஒவ்வாமை உண்டு. ஆதவனுக்கும் மீராவுக்கும் இல்லை. எனவே நிரல் தரவேண்டியது அந்த மூன்று பெயர்கள். பலரும் முதலில் எழுதும் சோதனை இப்படித்தான் இருக்கும்:

அசேர்ட்ஈக்வல்ஸ்(3, பட்டியல்.சைஸ்());
அசேர்ட்ட்ரூ(பட்டியல்.கன்டெய்ன்ஸ்("கலைவாணி"));
அசேர்ட்ட்ரூ(பட்டியல்.கன்டெய்ன்ஸ்("கவின்"));
அசேர்ட்ட்ரூ(பட்டியல்.கன்டெய்ன்ஸ்("கன்னிகா"));

இதிற் பிழையொன்றும் இல்லை. மூன்று பெயர் இருக்கவேண்டும், இன்னின்னார் இருக்கவேண்டும் என்று சரியாகவே சோதிக்கிறது. ஆனால் ஒரு நாள் நிரலில் ஏதோ மாற்றம் செய்கிறார்கள். கவினின் பெயர் விடுபட்டுப் போகிறது. அப்போது சோதனை சொல்வது: ‘3 எதிர்பார்க்கப்பட்டது, 2 கிடைத்தது.’ யார் விடுபட்டார் என்று சொல்லவில்லை. முதல் வரியிலேயே சோதனை நின்றுவிடுவதால் அடுத்த மூன்று வரிகளும் ஓடவேயில்லை. முதல் வரியை எடுத்துவிட்டாலோ இன்னும் மோசம். ஜேயூனிட் 5 சொல்வது: ‘உண்மை எதிர்பார்க்கப்பட்டது, பொய் கிடைத்தது.’ பழைய ஜேயூனிட் 4 அதையும் சொல்லாது. உறுதிக்கூற்று தவறியது என்று மட்டும் சொல்லி விட்டுவிடும்.

சோதனையை எழுதியவரே பக்கத்தில் இருந்தால் இது பெரிய குறையன்று. வரி எண்ணைப் பார்த்து, நிரலை நிறுத்தி நிறுத்தி ஓட்டி, பத்து நிமிடத்திற் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் எமது சங்கங்களின் வேலைகள் எப்படி நடைபெறுகின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. எழுதியவர் படிப்பு முடித்து வேலை கிடைத்து வேறு நகரத்துக்குப் போய்விடுவார். மூன்று வருடம் கழித்து, திருவிழாவுக்கு முதல் நாள் இரவு, அந்த நிரலை அதற்கு முன் கண்டிராத இன்னொருவர் திறந்து பார்ப்பார். அவருக்குக் கையிற் கிடைக்கும் ஒரே உதவி அந்தப் பிழைச் செய்திதான். ‘பொய் கிடைத்தது’ என்பதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? நேரமில்லாவிட்டால் அந்தச் சோதனையையே நிறுத்திவைத்துவிட்டுப் பட்டியலை அச்சிடுவார். கவினின் பெயர் அதில் இல்லை.

இதே நிலைமை பெரிய நிறுவனங்களிலும் உண்டு. இப்போது சோதனைகளை இயந்திரமே எழுதித் தரும் காலமும் வந்துவிட்டது. எழுதியவர் என்று கேட்பதற்கு ஆளே இல்லாத சோதனைகள் பெருகும்போது, சோதனை தானே பேசவேண்டிய தேவை கூடுகிறதேயன்றிக் குறையவில்லை.

ஒரே வரியிற் சொல்லுதல்

மேற்கண்ட நான்கு வரிகளுக்குப் பதிலாக ஜேயூனிட்டிலேயே ஒரு வழி உண்டு. எதிர்பார்க்கும் பட்டியல் முழுவதையும் ஒன்றாக எழுதி, வந்த பட்டியலோடு அசேர்ட்ஈக்வல்ஸ் மூலம் ஒப்பிடலாம். தவறினால் இரண்டு பட்டியல்களையும் முழுமையாக எழுதிக் காட்டும். மூன்று பெயருக்கு இது போதும். நாமே இரண்டையும் பார்த்து யாரைக் காணோம் என்று சொல்லிவிடலாம். முந்நூறு பெயரென்றால் இரண்டு நீண்ட வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து விரலால் தடவிப் பார்க்கவேண்டியதுதான்.

இந்தக் குறையைத் தீர்க்கவே உறுதிக்கூற்றுக்கென்று தனி நூலகங்கள் வந்தன. ஹாம்கிரெஸ்ட் அவற்றில் முந்தியது. (பொருத்திப் பார்ப்பவை என்று பொருள்படும் ‘மேட்சர்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டால் அந்தப் பெயர் வரும். நிரல் எழுதுவோருக்கும் சொல் விளையாட்டில் ஆசை உண்டு.) 2007 இல் வந்த ஜேயூனிட் 4.4 அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பின்னர் 2013 இல் அசேர்ட்ஜே என்ற நூலகம் வந்தது. நாம் மாணவர்களுக்குப் பரிந்துரைப்பது இதனையே. காரணம் எளிது: அசேர்ட்தட் என்று எழுதிப் புள்ளி வைத்தவுடன், பட்டியலுக்குப் பொருந்தும் சொற்களை மட்டும் நிரலெழுதி தானே வரிசையாகக் காட்டும். எதையும் மனனம் செய்யவேண்டியதில்லை. எமது சோதனை இப்படி மாறுகிறது:

அசேர்ட்தட்(பட்டியல்)
  .கன்டெய்ன்ஸ்எக்ஸாக்ட்லிஇன்எனிஆர்டர்("கலைவாணி", "கவின்", "கன்னிகா");

சொல் நீளமானதுதான். ஆனால் அதன் பொருள் ‘சரியாக இவர்களே, வரிசை எதுவாயினும்’ என்பது. கவின் விடுபட்டால் வரும் செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘வந்தது: கலைவாணி, கன்னிகா. சரியாக இருக்கவேண்டியவர்கள்: கலைவாணி, கவின், கன்னிகா. காணப்படாதவர்: கவின்.’ நிரல் தெரியாத சமையற்கூடத் தொண்டர்கூட இதை வாசித்து, ‘அப்படியென்றால் கவினுக்கு வேறாக எடுத்து வையுங்கள்’ என்று சொல்லிவிடுவார்.

பட்டியலைச் சோதிக்க முன்னர் நமக்கு நாமே கேட்கவேண்டியவை: வரிசை முக்கியமா? மேலதிகமாக வேறு யாரும் இருக்கலாமா? ஒருவர் பெயர் இருமுறை வரலாமா? இவற்றுக்கு விடை தெரிந்தால் எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது என்பது தானாகவே தெரிந்துவிடும். வரிசையும் முக்கியமென்றால் கன்டெய்ன்ஸ்எக்ஸாக்ட்லி. இவர்கள் இருந்தாற் போதும், வேறு யார் இருந்தாலும் பரவாயில்லையென்றால் வெறும் கன்டெய்ன்ஸ். இவர்களைத் தவிர வேறு யாரும் இருக்கக்கூடாது, ஆனால் ஒருவர் இருமுறை வந்தாலும் பரவாயில்லையென்றால் கன்டெய்ன்ஸ்ஒன்லி. இந்தக் கடைசிச் சொல்லைக் கவனமாகக் கையாளவேண்டும். கவினின் பெயர் இருமுறை வந்தாலும் அது ஏற்றுக்கொள்ளும். சமையற்கூடத்தில் அவருக்கு இரண்டு தட்டு ஒதுக்கப்படும். அதனால் யாருக்கும் தீங்கில்லை. கட்டணம் அறவிடும் பட்டியலில் அப்படி நடந்தால் அவருடைய தகப்பனார் செயலாளரைத் தேடி வருவார்.

இங்கே ஒரு பொறியையும் சொல்லவேண்டும். கன்டெய்ன்ஸ் என்ற அதே சொல் ஹாம்கிரெஸ்டிலும் உண்டு, அசேர்ட்ஜேயிலும் உண்டு. ஹாம்கிரெஸ்டில் அதன் பொருள் ‘சரியாக இவையே, இதே வரிசையில்’. அசேர்ட்ஜேயில் ‘குறைந்தது இவையாவது’. பழைய சோதனைகளை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும்போது சொல்லை அப்படியே விட்டுவிட்டால் சோதனை தவறாது. பச்சை விளக்கு எரியும். ஆனால் ஆதவனின் பெயர் வேண்டாமல் உள்ளே நுழைந்தாலும் இனி அது கண்டுகொள்ளாது.

வரிசை என்றால் யாருடைய வரிசை?

பட்டியலை அகரவரிசையிற் கொடுத்தாற் சமையற்கூடத்தில் தேடுவது எளிது என்று ஒருவர் கேட்கிறார். நிரலில் ஜாவாவின் சாதாரண வரிசைப்படுத்தலைச் சேர்க்கிறோம். இப்போது வரிசையும் முக்கியமாகிவிட்டதால் சோதனையை மாற்றுகிறோம்:

அசேர்ட்தட்(பட்டியல்)
  .கன்டெய்ன்ஸ்எக்ஸாக்ட்லி("கலைவாணி", "கவின்", "கன்னிகா");

தமிழ்ப் பாடசாலையிற் படித்த எந்தப் பிள்ளையும் இந்த வரிசை சரியென்றே சொல்லும். ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்ற நெடுங்கணக்கில் ல முதலில், பின்னர் வ, கடைசியில் ன. எனவே கலைவாணி, கவின், கன்னிகா. ஆனால் சோதனை தவறுகிறது. செய்தி சொல்வது: ‘பெயர்கள் எல்லாம் சரி, வரிசைதான் வேறு, முதலிடத்திற் கலைவாணி இருக்கவேண்டும், கன்னிகா இருக்கிறார்.’

ஏன்? ஜாவா எழுத்துகளை அவற்றின் யூனிகோடு எண்களைக் கொண்டு வரிசைப்படுத்துகிறது. ன எழுத்தின் எண் 2985; ல 2994; வ 2997. ன கடைசி எழுத்தாக இல்லாமல், ந எழுத்துக்கு அடுத்து, ப எழுத்துக்கு முன்னால் வைக்கப்பட்டிருக்கிறது. யூனிகோடில் இந்திய மொழிகளின் இட அமைப்பு, 1988 ஆம் ஆண்டின் இஸ்கி என்ற பொதுக் குறியீட்டைப் பின்பற்றியது. எல்லா மொழிகளின் எழுத்துகளையும் ஒரே அச்சில் அடுக்கியபோது எமது நெடுங்கணக்கு வரிசை அதிற் குலைந்துவிட்டது. தமிழ்ப் பெயர்களை அகரவரிசைப்படுத்தவேண்டிய எவரும் இதற்கென்று எழுதப்பட்ட ஒப்பீட்டு முறையைப் பயன்படுத்தவேண்டும். சாதாரண வரிசைப்படுத்தல் போதாது.

இங்கே கவனிக்கவேண்டியது சோதனை எமக்குச் செய்த உதவி. ‘பொய் கிடைத்தது’ என்று மட்டும் சொல்லியிருந்தால், பெயர் ஏதோ விடுபட்டுவிட்டதாக எண்ணிப் பதிவேட்டைத் துழாவியிருப்போம். பெயர்கள் சரி, வரிசைதான் பிழை என்று அது பிரித்துச் சொன்னபடியால் நேராக வரிசைப்படுத்தும் இடத்துக்குப் போகிறோம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. வரிசை முக்கியமில்லாத இடத்தில் வரிசையைச் சோதித்தல். ஹாஷ்செட் போன்ற தொகுப்புகள் தம்முள் இருப்பவற்றை எந்த வரிசையிலும் தரலாம். 2017 இல் வந்த ஜாவா 9 இன் செட்.ஆஃப் என்பது, நிரலை ஓட்டும் ஒவ்வொரு முறையும் வரிசை மாறக்கூடியவாறு வேண்டுமென்றே அமைக்கப்பட்டது. அதை வரிசையோடு சோதித்தால் காலையிற் சரியாகும் சோதனை மாலையிற் தவறும். யாரும் ஒன்றையும் மாற்றியிருக்கமாட்டார்கள். அப்படி இரண்டு மூன்று முறை நடந்தபின் அந்தச் சோதனை சிவப்பானாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

ஒரே பெயர், இரண்டு எழுத்துக்கோப்பு

தமிழில் எழுதுவோருக்கு நேரும் இன்னொன்றையும் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

பதிவேட்டிற் பொன்மலர் என்ற பிள்ளையையும் சேர்க்கிறோம்; அவருக்கும் ஒவ்வாமை உண்டு. சோதனையிலும் அவர் பெயரைச் சேர்க்கிறோம். சோதனை தவறுகிறது. செய்தி: ‘காணப்படாதவர்: பொன்மலர். எதிர்பாராமல் வந்தவர்: பொன்மலர்.’

பார்ப்பவருக்குத் தலை சுற்றும். இரண்டும் ஒரே பெயர்தானே? கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ‘பொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ப எழுத்தோடு ஒகரக் குறியை ஒரே எண்ணாக (3018) வைக்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பை (3014) ஓரெண்ணாகவும் அரவை (3006) இன்னோர் எண்ணாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஜாவாவிடம் நீளம் கேட்டால் முதல் விதத்திற் பொன்மலர் 8, இரண்டாம் விதத்தில் 9. எந்த மென்பொருளாற் தட்டச்சுச் செய்தார்கள், பழைய எழுத்துருவிலிருந்து எப்படி மாற்றினார்கள் என்பதைப் பொறுத்து இது வேறுபடக்கூடும். ஓ, ஔ வரிசை உயிர்மெய்களுக்கும் இதே நிலைமைதான்.

இவ்வேளையிற் சிலர் சோதனையைத் திருத்த முனைவார்கள். பதிவேட்டிலிருந்து பெயரை நகலெடுத்துச் சோதனையில் ஒட்டினால் உடனே பச்சை விளக்கு எரியும். அது வேண்டாம் என்போம். இங்கே பிழை சோதனையில் இல்லை. சமையற்கூடத்தில் ஒருவர் பொன்மலர் என்று தட்டச்சுச் செய்து தேடினாலும் அவர் பெயர் அகப்படாதல்லவா? நிரல்தான் திருத்தப்படவேண்டும். பெயர் உள்ளே வரும் இடத்திலேயே அதை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வசதி, 2006 இல் வெளியான ஜாவா 6 முதல், நோர்மலைசர் என்ற பெயரில் ஜாவாவிலேயே உண்டு. அதைச் சேர்த்தபின், இரண்டு விதமான பொன்மலரையும் எழுத்து எண்களைக் கொண்டே எழுதி, இரண்டும் ஒரே விடையைத் தருகின்றனவா என்று ஒரு தனிச் சோதனை எழுதி வைக்கவேண்டும். எண்களாலேயே எழுதவேண்டும் என்று சொல்லக் காரணம், எழுத்தாக எழுதினால் அடுத்து வாசிப்பவருக்கு வேறுபாடு தெரியாது என்பதுதான்.

வெறும் பட்டியல்

‘பந்தியில் இருந்த எல்லாரும் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள்’ என்று ஒருவர் வந்து சொல்கிறார். எட்டிப் பார்த்தாற் பந்தியில் ஒருவருமே இல்லை; இன்னும் யாரும் வந்து இருக்கவேயில்லை. அவர் சொன்னது பொய்யா? தர்க்க நூலின்படி பொய்யன்று. சாப்பிடாத ஒருவரை அந்தப் பந்தியிற் காட்ட முடியாது.

கணினியும் அப்படியே நினைக்கிறது. ‘பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒவ்வாமை உண்டு’ என்று சோதிக்க அசேர்ட்ஜேயில் ஆல்சாட்டிஸ்ஃபை என்ற சொல் உண்டு. வாசிக்க அழகாக இருக்கும். மேலதிகமாக யாரும் நுழைந்தாற் பிடித்துவிடும். ஆனால் நிரல் ஒரு பெயரைக்கூடத் தராமல் வெறும் பட்டியலைத் திருப்பினால், இந்தச் சோதனை மகிழ்ச்சியோடு பச்சை விளக்கைக் காட்டும். எமது எடுத்துக்காட்டில் நடக்கக்கூடியவற்றில் மிகவும் ஆபத்தானது அதுதான். பதிவேட்டுக் கோப்பைத் திறக்க முடியவில்லை, நிரல் சத்தமில்லாமல் வெறும் பட்டியலைக் கொடுத்தது, ‘ஒவ்வாமை உள்ளவர் எவருமில்லை’ என்று சமையற்கூடத்துக்குத் தாள் போனது. சோதனைகளோ எல்லாம் சரி என்கின்றன.

ஆகவே ‘எல்லாரும்’ என்று சோதிக்கும் எந்த இடத்திலும் அதற்கு முன்னால் ‘வெறுமையன்று’ என்பதையும் சேர்க்கவேண்டும்:

அசேர்ட்தட்(பட்டியல்)
  .இஸ்நாட்எம்ப்டி()
  .ஆல்சாட்டிஸ்ஃபை(...);

பெயர்கள் முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஆல்சாட்டிஸ்ஃபை தேவையேயில்லை; மூவரின் பெயரையும் எழுதிவிடுவதே மேல். பெயர்களை எழுத முடியாத அளவுக்குப் பட்டியல் பெரிதாக இருக்கும்போது மட்டும் அதை நாடலாம்.

இதன் உறவினர் ஒன்றும் உண்டு. அசேர்ட்தட்(பட்டியல்.கன்டெய்ன்ஸ்("கவின்")) என்று எழுதி, அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் வரியை முடித்துவிடுதல். வாக்கியத்தை எழுவாயோடு நிறுத்திவிட்டது போன்றது இது. எதையும் சோதிக்காது, ஒருபோதும் தவறாது. சில கருவிகள் இதைக் கண்டு எச்சரிக்கும். அவற்றை இயக்கி வைப்பது நல்லது.

பெயர் மட்டுமன்றி

உண்மையான பதிவேட்டில் வெறும் பெயர்கள் இருப்பதில்லை. பெயர், வகுப்பு, எது ஒவ்வாது என்ற விவரங்கள் சேர்ந்த மாணவர் என்ற பொருள்கள் இருக்கும். அவற்றின் பட்டியலை அப்படியே ஒப்பிட்டுத் தவறினால், மாணவர் என்ற சொல்லும் அதன் பின்னால் விளங்காத எண்ணெழுத்துச் சரமும் செய்தியில் வரிசையாக வந்து நிற்கும். ஒரு பொருள் தன்னை எப்படி எழுதிக் காட்டவேண்டும் என்று நாம் சொல்லிக் கொடுக்காவிட்டால் ஜாவா அப்படித்தான் காட்டும். 2021 இல் ஜாவா 16 இல் நிலைபெற்ற ரெக்கார்ட் என்ற வகையைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. தன் விவரங்களைத் தானே எழுதிக் காட்டும், ஒப்பீடும் சரியாகச் செய்யும்.

எல்லா விவரமும் வேண்டாம், சோதனைக்குப் பெயரும் ஒவ்வாத பொருளும் போதும் என்றால், எக்ஸ்ட்ராக்டிங் என்ற சொல்லால் அவ்விரண்டையும் மட்டும் பிரித்தெடுத்து ஒப்பிடலாம்:

அசேர்ட்தட்(பட்டியல்)
  .எக்ஸ்ட்ராக்டிங்(மாணவர்::பெயர், மாணவர்::ஒவ்வாதது)
  .கன்டெய்ன்ஸ்எக்ஸாக்ட்லிஇன்எனிஆர்டர்(
    டூப்பிள்("கலைவாணி", "கச்சான்"),
    டூப்பிள்("கவின்", "முந்திரி"),
    டூப்பிள்("கன்னிகா", "கச்சான்"));

இது ஏறக்குறைய ஓர் அட்டவணைபோலவே இருக்கிறதல்லவா? நாளை பதிவேட்டில் முகவரி என்ற புதிய விவரம் சேர்ந்தாலும் இந்தச் சோதனையைத் தொடவேண்டியதில்லை.

மேலேயுள்ள வரிகளில் மாணவர், பெயர், ஒவ்வாதது என்பவற்றைத் தமிழில் எழுதியிருப்பது இந்த ஏட்டுக்காக மட்டுமன்று. ஜாவாவில் நாம் இடும் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதலாம். மொழியின் விதிகள் அதை அனுமதிக்கின்றன. 2022 இல் வந்த ஜாவா 18 முதல் யூடிஎஃப் 8 என்ற எழுத்துக் குறியீடே இயல்பாகவும் ஆகிவிட்டது. வேற்று மொழியினரோடு சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் இது பொருந்தாது. ஆனால் ஆலயத்துக்கான நிரலில், சோதனையின் பெயரைத் தமிழில் ஒரு முழு வாக்கியமாக எழுதி வைக்க ஜேயூனிட் 5 இல் டிஸ்ப்ளேநேம் என்ற வசதியும் உண்டு. ‘ஒவ்வாமை உள்ள பிள்ளை ஒருவரும் விடுபடக்கூடாது’ என்று அங்கே எழுதலாம். உறுதிக்கூற்றுக்கு முன்னால் ஆஸ் என்ற சொல்லைச் சேர்த்துச் சிறு விளக்கமும் கொடுக்கலாம். முன்னாலேயே சேர்க்கவேண்டும், உறுதிக்கூற்றுக்குப் பின்னால் எழுதினால், சோதனை தவறும்போது அந்த விளக்கம் வெளிவராது.

வரைபடம் போன்ற மேப் தொகுப்பிலிருந்து வேல்யூஸ் என்று எடுப்பதை ஒரு பட்டியலோடு அசேர்ட்ஈக்வல்ஸால் ஒப்பிடவேண்டாம். உள்ளிருப்பவை ஒன்றாக இருந்தாலும் சமமில்லை என்றே வரும், ஏனெனில் ஹாஷ்மேப் தரும் அந்தத் தொகுப்பு தன்னைத் தவிர வேறொன்றையும் தனக்குச் சமமாக ஏற்பதில்லை. அசேர்ட்தட் மூலம் உள்ளிருப்பவற்றைச் சோதித்தால் இந்தச் சிக்கல் எழாது.

மாணவர்களுக்குப் பயிற்சி

கலைவிழாவில் மேடையேறும் பிள்ளைகளை வயது வரிசையில் அழைக்கவேண்டும், இளையவர் முதலில். ஆதவனுக்கு வயது 6, மீராவுக்கு 8, கவினுக்கு 8, கலைவாணிக்கு 11. ஒரே வயதினர் எந்த வரிசையில் வந்தாலும் சரியே. எனவே மீரா, கவின் என்று வந்தாலும் கவின், மீரா என்று வந்தாலும் சோதனை தவறக்கூடாது. கலைவாணி ஆதவனுக்கு முன்னால் வந்தால் தவறவேண்டும். ஒருவர் விடுபட்டால் அவர் பெயரைச் சொல்லித் தவறவேண்டும். கன்டெய்ன்ஸ்எக்ஸாக்ட்லி இதற்கு மிகக் கடுமையானது. வரிசை எதுவாயினும் என்பது மிகத் தளர்வானது. பட்டியல் ஒரு குறித்த ஒழுங்கில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சொல்லொன்று அசேர்ட்ஜேயில் உண்டு. அதைத் தேடிக் கண்டுபிடித்து, இன்னொன்றோடு சேர்த்து எழுதிப் பாருங்கள். எழுதியபின் நிரலை வேண்டுமென்றே மூன்று விதமாகப் பிழைக்கச் செய்து, வரும் செய்திகளை நிரல் தெரியாத உங்கள் அம்மாவிடமோ அப்பாவிடமோ வாசித்துக் காட்டி, என்ன நடந்திருக்கும் என்று கேளுங்கள்.